பழசு பேசலாம்: தாத்தாவோட மீர்ஷாம் பைப்பை வெள்ளையாக்கணுமா?

போன இதழ்ல ஒரு போட்டோ போட்டு இது இன்னா பொருள், சொல்லுங்க பாப்போம்னு கேட்டிருந்தோம். தலைப்பாகை கட்டின ஒரு தாடிக்காரரோட தலை, உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், கழுத்துப் பக்கத்துல இருந்து ஒரு குழாய் நீட்டிகினு இருக்கும். தூபக்கால்னு சில பேரு, யானை தந்தம்னு நிறைய பேரு, ஒருத்தர் கொலு பொம்மைன்னே எழுதிட்டாரு. விடை, புகையிலை பிடிக்கிற பைப்பு. பெரியவங்க சுங்கான்னு சொல்வாங்களே அதான். செதுக்கின கல்லோட பேரு மீர்ஷாம். விடை எழுதினவங்கள விட "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, இத எப்படி சரி பண்றது"ன்னு கேட்டவங்க தான் ஜாஸ்தி, பழைய வேலூர் ஜில்லா பீரோவுங்களுக்குள்ள இவ்ளோ பைப்பு தூங்குதுன்னு இப்ப தான் தெரியுது. அதனால இந்த இதழ் பூரா அது மட்டும் தான், பழைய ரேடியோ கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர் டைம்ல மிலிட்டரில இருந்தவரு. எகிப்து, ஈராக்னு சுத்திட்டு வந்தப்போ வாங்கிட்டு வந்த பைப்பு, நீங்க போட்ட போட்டோல இருக்கிற அதே தலைப்பாகை ஆளு. வரும்போது வெள்ளை வெளேர்னு இருந்துச்சுன்னு பாட்டி சொல்வாங்க. இப்ப மூஞ்சி பக்கம் மஞ்சள், தாடி பக்கம் செவப்பு, அடியில காபி கலர் ஆயிடுச்சி, உள்ள ஒரே கரி. ஷோகேஸ்ல வெக்கணும். பழையபடி வெள்ளையாக்க இன்னா போட்டு தேய்க்கலாம்? சபீனா ஓகேவா?
வாசகர், கம்மவான்பேட்டை

சார், மொதல்ல அந்த சபீனா டப்பாவ கொண்டு போயி சிங்க் கிட்டயே வெச்சிடுங்க. அது அழுக்கு இல்ல சார், கலரு. அந்த கலருக்காக தான் இந்த பைப்புக்கே மதிப்பு.

கதை இன்னான்னா, மீர்ஷாம்ன்றது துருக்கில எஸ்கிஷெஹிர்னு ஒரு ஊரு சுத்துவட்டாரத்துல மண்ணுக்கடியில கட்டி கட்டியா கிடைக்கிற கல்லு, குழி தோண்டி உள்ள எறங்கி எடுப்பாங்க. ரசாயனமா பாத்தா மெக்னீசியம் சிலிகேட்டு, கூடவே தண்ணியும் கலந்து இருக்கும், கல்லு முழுக்க கண்ணுக்கு தெரியாத ஓட்டைங்க. 19ம் நூற்றாண்டுல இது வியன்னாவுக்கு போயி அங்க இருக்கிற செதுக்கு வேலைக்காரங்க கையால தலை, குதிரை, சிங்கம், பொம்பளை உருவம்னு விதவிதமா மாறி உலகம் பூரா வித்துச்சு. செதுக்கி முடிச்சதும் தேன்மெழுகுல போட்டு காய்ச்சுவாங்க, மெழுகு கல்லுக்குள்ள எறங்கி நின்னுக்கும். அதுக்கப்புறம் ஒருத்தரு வருஷக்கணக்கா பிடிக்க பிடிக்க உள்ள இருக்கிற சூடு, அந்த மெழுகு, புகையிலைல இருந்து வர்ற தாரு எல்லாம் சேந்து வெள்ளைய மஞ்சளாக்கி, அப்புறம் செவப்பாக்கி, கடைசில நல்ல அடர் காபி கலருக்கு கொண்டு வரும். அடியிலயும் கழுத்துலயும் தான் மொதல்ல ஏறும், உங்க பைப்புலயும் அப்படித் தான் ஏறியிருக்கு, நீங்க எழுதினத வெச்சே சொல்றேன் உங்க தாத்தா அத அவசரப்படாம நிதானமா பிடிச்சவரு. அந்தக்காலத்துல இந்த கலரு திட்டு திட்டா ஆயிடக்கூடாதுன்னு சூட்டோட பவுல்ல, அதாவது புகையிலை போடுற கிண்ணத்துல, விரல் வெக்காம ஸ்டெம்ம, அதாவது வாயில வெக்கிற குழாய மட்டும் பிடிச்சிகினு உக்காந்தவங்க இருந்தாங்க, கையில கிளவுஸ் போட்டவங்க கூட உண்டு. அவ்ளோ மெனக்கெட்டு வந்த கலர ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல தேய்ச்சு எடுத்துட்டா திரும்ப வராது. பாட்டி காலத்து கல்சட்டி பழகி கருத்து போயிருக்கும், அத யாராவது புதுசாக்குறேன்னு தேய்ப்பாங்களா, அது தான் இதுவும்.

அப்ப என்ன தான் பண்றது? நிறைய பண்ணலாம், ஆனா எல்லாமே மெதுவா. மொதல்ல ஸ்டெம் கழட்ட வருமான்னு பாருங்க, லேசா திருப்பி வரலன்னா விட்டுடுங்க, அதுக்கு கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு. உள்ள இருக்கிற கரிய எடுக்கணும். மர பைப்புக்கு உள்ள கொஞ்சம் கரி இருந்தா தான் மரம் கருகாம தாங்கும்னு விட்டு வெப்பாங்க, மீர்ஷாமுக்கு அந்த கணக்கு கிடையாது, கரி தடிமனா சேந்தா சூட்டுல அது விரிஞ்சு பவுலையே விரிசல் விட வெச்சிடும்னு முழுசா எடுத்துடறது தான் வழக்கம். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், டிரில் மெஷின் எதுவும் கிட்ட வரக்கூடாது. பவுலுக்குள்ள தாராளமா போற ஒரு மரக்குச்சில 220 நம்பர் உப்புத்தாள ஒரு சுத்து சுத்தி கையால திருப்புங்க, ரெண்டு திருப்பு, அப்புறம் கீழ விரிச்ச பேப்பர்ல தட்டுங்க. வர்ற தூளோட கலர பாத்துகினே இருக்கணும். மொதல்ல ஒரே கருப்பா கொட்டும். கொஞ்ச நேரத்துல பழுப்பு கலக்கும். அதுல வெளுப்பா மாவு மாதிரி ஒரு இழை தெரிஞ்சா போதும் நிறுத்திடுங்க, அது கரி இல்ல, கல்லு. அந்த எடத்த விட்டுட்டு வேற பக்கம் கருப்பு மிச்சம் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, அங்க மட்டும் 400 நம்பர் தாளு போட்டு முடிங்க. அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், புகை போற வழி, குச்சி அத இடிச்சு பெருசாக்கிடாம பாத்துக்கோங்க. மூக்குல துணி கட்டிக்கோங்க, அந்த தூள சுவாசிக்கிற அளவுக்கு இது நல்ல பொருள் இல்ல.

அந்த புகை வழிக்கு பைப் கிளீனர் வேணும். ஸ்கூல் பசங்க கிராஃப்ட் வேலைக்கு வாங்குற கம்பி மேல பஞ்சு சுத்தின குச்சி இருக்குல்ல, லாங் பஜார் ஃபேன்சி கடைங்கள்ல கலர் கலரா தொங்கும், அதுல வெள்ளைய மட்டும் வாங்குங்க, கலர் போட்டது சாயம் விடும். நுனில ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் லேசா ஈரம் பண்ணி, ஒரு தடவை உள்ள விட்டு எடுத்து தூக்கி போட்டுட்டு அடுத்தது. வெளிய சுத்தமா வர்ற வரைக்கும். ஊத்தவே கூடாது. நெட்ல பாத்தீங்கன்னா பவுல்ல உப்ப கொட்டி ஆல்கஹால் ஊத்தி ராத்திரி பூரா விடுங்கன்னு ஒரு வைத்தியம் இருக்கும், அது மர பைப்புக்கு சொன்னது, மீர்ஷாம்ல பண்ணா உள்ள இருக்கிற தாரெல்லாம் கரைஞ்சு கல்லு வழியா வெளிய வந்து பைப்புல இருக்கிற தலைப்பாகை ஆளோட மூஞ்சிய நாசம் பண்ணிடும்.

வெளிப்பக்கம். காஞ்ச பிரஷ், மேக்கப் போடுற பிரஷ் இருந்தா இன்னும் நல்லது, தாடி மடிப்பு, தலைப்பாகை மடிப்புல இருக்கிற தூசிய மட்டும் தட்டி விடுங்க. அதுக்கு மேலயும் பிசுக்கு இருந்தா பட்ஸ்ல எச்சில் தொட்டு உருட்டுங்க. சிரிக்காதீங்க சார், மியூசியத்துல வேலை செய்றவங்களே எச்சில தான் யூஸ் பண்றாங்க, அதுல இருக்கிற என்சைம் பிசுக்க இளக்கும், தண்ணி அளவுக்கு கல்லுக்குள்ள எறங்குற அளவு ஈரமும் இருக்காது. தேய்க்க கூடாது, உருட்டணும். பட்ஸ்ல சாம்பல் கலரா வந்தா அழுக்கு, மேல போலாம். மஞ்சளா இல்ல பழுப்பா வர ஆரம்பிச்சா நீங்க கலர எடுக்குறீங்க, அங்க ஸ்டாப். இந்த கல்லு 10 வரைக்கும் போற கடினத்தன்மை கணக்குல 2ல இருந்து 2.5 தான், நம்ம நகம் பட்டாலே கோடு விழும், ஈரமானா இன்னும் இளகிடும். எலுமிச்சை, புளி, பிளீச்சிங், பாத்ரூம் ஆசிட் இதெல்லாம் நெனைச்சே பாக்காதீங்க, ஆசிட் இந்த கல்லையே அரிக்கும்.

கடைசியா மெழுகு. ஜவ்வாது மலைல இருந்து தேனோட தேன்மெழுகும் வருது, கேட்டா கிடைக்கும், ஆனா அப்படியே பூசாதீங்க, அதுல தேன் பிசுக்கும் மகரந்தமும் இருக்கும். ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு, அதுக்குள்ள இன்னொரு கிண்ணத்துல மெழுக போட்டு உருக்கி மெல்லிசு துணில வடிகட்டிக்கோங்க, சுமார் 62ல இருந்து 64 டிகிரில உருகிடும். நெருப்பு மேல நேரா வெக்காதீங்க. வெளுத்த வெள்ளை மெழுகு கிடைச்சா இந்த வேலையே வேணாம். ஸ்டெம்ம தனியா கழட்டி வெச்சுட்டு பவுல ஹேர் டிரையர்ல குறைஞ்ச சூட்டுல தள்ளி புடிச்சு மெல்ல சூடாக்குங்க, வெதுவெதுப்பு வந்ததும் பஞ்சுல மெழுக தொட்டு ஒரு எடத்துல வைங்க. மெழுகு ஒரு நிமிஷம் பளபளன்னு ஈரமா நிக்கும், அப்புறம் நீங்க பாத்துகினு இருக்கும்போதே கல்லு அத குடிச்சிடும், அந்த எடம் திரும்ப மங்கலாயிடும். அப்படி குடிச்சா இன்னொரு தொடு. குடிக்காம மேலயே நின்னா போதும், துணியால ஒத்தி எடுத்துட்டு ஆற விட்டு மெத்துனு ஒரு காட்டன் துணில துடைங்க, பழைய வேட்டி துண்டு பெஸ்ட்டு. மொத்த பைப்பையும் உருகின மெழுகுல முக்குறது புதுசு பண்றவங்க வேலை, பழசுல அது வேணாம், ஏற்கனவே நூல் விரிசல் இருந்தா பெருசாயிடும், இருக்கிற கலரும் எடம் மாறிடும்.

நான் குடியாத்தம், வீட்ல பீடி சுத்துறாங்க, அதனாலயோ என்னமோ புகையிலை சம்பந்தப்பட்ட பழைய சாமான் சேக்கறது பழக்கம் ஆயிடுச்சி. ஒரு பழைய சாமான் கடைல மீர்ஷாம்னு சொல்லி ஒரு பைப்பு குடுத்தாங்க. கையில கனமா இருக்கு. ஒரிஜினல் தண்ணில மிதக்கும்னு சொல்றாங்களே, போட்டு பாத்துடட்டுமா?
வாசகர், குடியாத்தம்

போடாதீங்க அண்ணே. மிதக்கும்ன்றது உண்மை தான், உள்ள இருக்கிற ஓட்டைல காத்து இருக்கிறதால காஞ்ச கல்லு மிதக்கும், ஆனா அந்த சோதனை முடிஞ்ச கையோட அது தண்ணி குடிச்சு இளகிடும், ஒரிஜினல்னு தெரிஞ்சி இன்னா பிரயோஜனம். நாக்குல வெச்சா ஒட்டும்னு இன்னொரு சோதனை சொல்வாங்க, யாரு வாய்ல வெச்சதோ, நான் சொல்ல மாட்டேன், அதுவும் மெழுகு ஏறின கல்லு ஒட்டாது.

கனம் தான் நல்ல குறி. உண்மையான கல்லு சைஸ பாத்து நீங்க எதிர்பாத்தத விட லேசா இருக்கும், தொட்டா பீங்கான் அளவுக்கு சில்லுன்னு இருக்காது. ரெண்டு பக்கமும் சேருற எடத்துல காது ஓரமா தலைல இருந்து கழுத்து வரைக்கும் ஒரு நேர்கோடு ஓடுதான்னு பாருங்க, ஓடினா அச்சுல ஊத்தினது, பிளாஸ்டரோ களிமண்ணோ. கையால செதுக்கினதுல மடிப்புக்கு உள்ள லென்ஸ் வெச்சு பாத்தா உளி ஓடின கோடு ஒண்ணுக்கு ஒண்ணு வேற வேற திசைல இருக்கும். ஸ்டெம் கழண்டா அந்த ஓட்டை ஓரத்துல, வெளிய தெரியாத எடத்துல ஊசி முனையால தொட்டு பாருங்க, வெள்ளையா பவுடரா வந்தா கல்லா இருக்கலாம், ஆனா பிளாஸ்டரும் அப்படி வரும், அதனால மத்த குறிங்களயும் சேத்து பாருங்க.

நடுவுல ஒரு ஜாதி இருக்கு. செதுக்கும்போது கொட்டுற தூளையும் சில்லையும் வீணாக்காம சேத்து அமுக்கி கட்டியாக்கி அதுல பைப்பு பண்ணுவாங்க. அது பொய் மீர்ஷாம் இல்ல, ஆனா முழு கல்லும் இல்ல, கொஞ்சம் கனம் ஜாஸ்தி, கலரும் அழகா ஏறாது. உங்களது அதுவா இருக்கலாம். துருக்கி மட்டும் இல்ல, கென்யா தான்சானியா எல்லைல அம்போசெலி பக்கமும் இந்த கல்லு கிடைச்சு 20ம் நூற்றாண்டுல அங்கயும் பைப்பு பண்ணாங்க. கடைக்காரர் கிட்ட சண்டைக்கு போறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க.

எங்க அத்தா தோல் வியாபாரத்துல இருந்தப்போ வெளிநாட்டு ஏஜெண்ட் ஒருத்தரு குடுத்த பைப்பு, பெட்டியோட இருக்கு. வாயில வெக்கிற குழாய் தேன் கலர்ல கண்ணாடியா இருக்கு, நிஜ ஆம்பர்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி கண்டுபிடிக்கிறது? பெட்டி உள்ள நீல வெல்வெட்டு, வெளிய தோலு தொட்டா செவப்பு பொடி கையில ஒட்டுது, தேங்காண்ணெய் போடலாமா?
வாசகி, ஆம்பூர்

தேங்காண்ணெய், மெழுகு பாலீஷ், ஷூ பாலீஷ் எதுவுமே வேணாம்மா. ஆம்பூர்ல இருந்துகினு தோல பத்தி என் கிட்ட கேக்குறீங்க, உங்க தெருவுல இருக்கிற பெரியவருக்கு என்ன விட நல்லா தெரியும், ஆனா அவருக்கு தெரிஞ்சது புது தோலு. மரப்பட்டைல பதப்படுத்தின பழைய தோலு பல வருஷம் காத்துல இருக்கிற புகைக்கும் அமிலத்துக்கும் ஆளாகி நாரு உதிர்ந்து செவப்பு பொடியாகும், அதுக்கு எண்ணெய் விட்டா கருத்து போயி இன்னும் பொலபொலன்னு ஆகும். மியூசியங்கள்ல ஹைட்ராக்ஸி புரொபைல் செல்லுலோஸ்னு ஒரு பொருள ஆல்கஹால்ல கரைச்சு மெல்லிசா பூசி அந்த பொடிய ஒட்ட வெப்பாங்க. அது கிடைக்கலன்னா சும்மா ஒரு காட்டன் துணில சுத்தி வெச்சாலே மேல கெடாது. உள்ள வெல்வெட்ட பிரிச்சு புதுசு போடணும்னு ஆசை வரும், போடாதீங்க, அந்த பைப்போட வளைவுக்கு ஏத்த மாதிரி மரத்த குடைஞ்சு பண்ண பெட்டி அது, மூடி உள்பக்கம் தங்க எழுத்துல கடை பேரும் ஊரும் அச்சடிச்சிருக்கும், எந்த ஊரு பைப்புன்னு சொல்ற ஒரே சாட்சி பல சமயம் அது தான்.

ஆம்பர் விஷயத்துக்கு வரேன். ஆம்பர் கல்லு இல்ல, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி மரத்துல வடிஞ்ச பிசின். ஐரோப்பால பால்டிக் கடல் பக்கம் கிடைச்சது தான் இந்த பைப்புங்கள்ல இருக்கும். அதோட சில்லுங்கள சூடு பண்ணி அமுக்கி சேத்ததும் உண்டு. 20ம் நூற்றாண்டுல பேக்கலைட்டுன்ற பிளாஸ்டிக்கு வந்ததும் அந்த எடத்த அது புடிச்சிடுச்சு, அதுக்கு முன்ன செல்லுலாய்டுன்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக்கு.

வீட்லயே ஒரு சோதனை பண்ணலாம், ஸ்டெம் தனியா கழண்டு, அதுல உலோகமோ எலும்பு திருகோ ஒட்டியிருக்கலன்னா மட்டும். ஒரு டம்ளர் தண்ணில கல்லுப்பு கரையுற வரைக்கும் போட்டு கலக்குங்க, அடில கரையாம கொஞ்சம் நிக்கணும். அதுல ஆம்பர் மிதக்கும், பேக்கலைட்டும் செல்லுலாய்டும் முழுகிடும். உடனே எடுத்து நல்ல தண்ணில அலசி துடைச்சிடணும். மிதந்துட்டா கண்டிப்பா ஆம்பர்னு சொல்லிட முடியாது, சில பிளாஸ்டிக்கும் மிதக்கும், ஆனா முழுகினா ஆம்பர் இல்லன்னு அடிச்சு சொல்லலாம். இன்னொன்னு, கையில வேகமா தேய்ச்சு மோந்து பாருங்க. கற்பூர வாசனை வந்தா செல்லுலாய்டு. அப்படின்னா ஜாக்கிரதை, அது பத்திக்கிச்சுன்னா நிக்காது, ஊதுபத்தி வெக்கிற எடத்துல இருந்து தள்ளி வைங்க, காத்து போகாத டப்பால அடைக்கவும் வேணாம். சூடு பண்ண ஊசிய குத்தி பாக்க சொல்லுவாங்க, அப்படி குத்தினா இன்னா பொருளா இருந்தாலும் ஓட்டை ஒண்ணு நிரந்தரம். ஆம்பர்னு தெரிஞ்சா அதுல ஸ்பிரிட்டு, நெயில் பாலீஷ் ரிமூவர் படவே கூடாது, பளபளப்பு போயி வெளுத்துடும். மெத்துனு துணி போதும்.

குழாய் திரும்பவே மாட்டேங்குது அண்ணா, அசைச்சா உள்ள ஏதோ நறநறன்னு சத்தம். கட்டிங் பிளேயர் வெச்சு திருப்பட்டுமா?
வாசகி, ராணிப்பேட்டை

ஐயோ வேணாம்மா. பழைய பைப்புல குழாயையும் பவுலையும் சேக்கறது எலும்புல கடைஞ்ச ஒரு சின்ன திருகு. தாரு காஞ்சு பசையா புடிச்சிகினு இருக்கும், நீங்க முறுக்கினா ஒண்ணு எலும்பு ஒடியும், இல்ல அத விட மெல்லிசா இருக்கிற கல்லு கழுத்து பிளக்கும். நறநறன்னு வர்ற சத்தம் தாரு உடையுற சத்தமாவும் இருக்கலாம், எலும்பு சத்தமாவும் இருக்கலாம், அதனால ரிஸ்க் எடுக்காதீங்க. குழாய் பக்கத்துல இருந்து பைப் கிளீனர்ல ஆல்கஹால் ரொம்ப லேசா தொட்டு உள்ள விட்டு எடுத்துட்டு ஒரு நாள் அப்படியே வைங்க, குழாய் ஆம்பரா இருக்கும்னு சந்தேகம் இருந்தா அதுவும் வேணாம், பவுல் பக்கத்துல இருந்து விடுங்க. அடுத்த நாள் கழுத்து பக்கம் மட்டும் ஹேர் டிரையர்ல வெதுவெதுப்பாக்கி, பவுல புடிக்காம கழுத்தையும் குழாயையும் சேருற எடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒட்டினாப்ல புடிச்சு, கடியாரம் சுத்துறதுக்கு எதிர் திசைல, பூட்டு திறக்குற அளவு கூட வேணாம், ஒரு மயிரிழை. வரலன்னா திரும்பவும் அதே. வரவே இல்லன்னா அப்படியே இருக்கட்டும், ஷோகேஸ்ல கழண்டு இருந்தாலும் சேந்து இருந்தாலும் ஒண்ணு தான்.

கழட்டிட்டு மாட்டும்போது சில சமயம் குழாய் கோணலா தலைகீழா நிக்கும், ஏன்னா திருகு தேஞ்சு ரொம்ப தூரம் உள்ள போவுது. எலும்பு திருகு மேல கலர் இல்லாத நெயில் பாலீஷ் ஒரு கோட்டிங் கொடுத்து நல்லா காய விட்டு மாட்டுங்க, கொஞ்சம் முன்னாடியே டைட்டாகி நேரா நிக்கும். பத்தலன்னா இன்னொரு கோட்டிங்.

கழுத்து ஒடிஞ்சு ரெண்டா இருக்கு. ஃபெவிக்விக்?
வாசகர், ஆற்காடு

இல்ல. ஓட்டைங்க இருக்கிற கல்லு அத உறிஞ்சிக்கும், ஒட்டின எடம் சுத்தி கருத்த ஈரக்கறை விழுந்து நிரந்தரமா நிக்கும், அதுக்கப்புறம் யாரும் சரி பண்ண முடியாது. அரால்டைட்டு ஒட்டும், ஆனா திரும்ப பிரிக்க முடியாது, கோணலா ஒட்டினா அப்படியே தான். பழம்பொருள் பாதுகாப்பு வேலைல இருக்கிறவங்க பாரலாய்டு பி-72ன்னு ஒரு பிசின அசிட்டோன்ல கரைச்சு யூஸ் பண்றாங்க, பிடிக்கலன்னா அசிட்டோன் போட்டு திரும்ப கழட்டிக்கலாம், அது தான் அதோட அருமை. கிடைக்கிற வரைக்கும் ரெண்டு துண்டையும் ஒண்ணோட ஒண்ணு உரசாம தனித்தனியா டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வைங்க, உரசி ஓரம் மழுங்கிட்டா எவ்ளோ நல்ல பசை போட்டாலும் கோடு தெரியும். சென்னை எழும்பூர் மியூசியத்துல ரசாயன பாதுகாப்பு பிரிவு இருக்கு, அந்தப்பக்கம் போனா விசாரிச்சு பாருங்க.

பைப்பு கழுத்துல ஒரு வெள்ளி பட்டை, கருத்து போயிருக்கு, அதுல நங்கூரம், நடக்குற சிங்கம், ஒரு எழுத்து இருக்கு. விபூதி போட்டு தேய்ச்சா வெள்ளி பளிச்சுன்னு ஆவும், ஆனா பைப்பு?
வாசகர், வேலூர் சைதாப்பேட்டை

நல்ல கண்ணு சார் உங்களுக்கு, கேள்வி கேட்டுட்டு அப்படியே பைப்போட பிறப்பு சான்றிதழையும் அனுப்பிட்டீங்க. நடக்குற சிங்கம்னா ஸ்டெர்லிங் வெள்ளி, 1000ல 925 பங்கு. நங்கூரம்னா இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பரிசோதனை நிலையத்துல முத்திரை குத்தினது, அந்த நிலையம் 1773ல ஆரம்பிச்சது. அந்த எழுத்து தான் வருஷம். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு எழுத்து, ஒரு சுத்து முடிஞ்சா எழுத்தோட ஸ்டைலும் சுத்தி இருக்கிற கட்டத்தோட வடிவமும் மாத்திடுவாங்க, அதனால எழுத்த மட்டும் பாக்காம கட்டத்தையும் சேத்து பட்டியலோட ஒப்பிட்டு பாக்கணும். அது வெள்ளி பட்டைக்கு முத்திரை குத்தின வருஷம், கல்லு வேற ஊர்ல செதுக்கினதா இருக்கலாம், பல பைப்புங்க அப்படித் தான்.

விபூதி, பல்பொடி ரெண்டும் வெள்ளிய அராவும், தேய்க்க தேய்க்க அந்த சிங்கத்துக்கு கால் இருக்காது. பூந்திக்கொட்டை தண்ணி வெள்ளிக்கு நல்லது தான், கல்லுக்கு ஆகாது. வெள்ளி துடைக்கிற துணின்னு நகைக்கடைங்கள்ல விக்கிறாங்க, அத சின்னதா மடிச்சு, பட்டைக்கு ரெண்டு பக்கமும் கல்லு மேல பேப்பர சுத்தி மறைச்சுட்டு துடைங்க. முத்திரை மேல மட்டும் துடைக்காதீங்க, பள்ளத்துல கருப்பு இருந்தா தான் படிக்கவே முடியும்.

எல்லாம் பண்ணி முடிச்சுட்டா ஒரு தடவை பிடிச்சு பாக்கலாமா?
வாசகர், திருப்பத்தூர்

வேணாம் தம்பி. பைப்பு புகை சிகரெட்ட விட சாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, வாய், உதடு, தொண்டைல கேன்சர் வர்றதுக்கு அது ஒண்ணும் தடையில்ல. பாக்கறதுக்கு தான் இந்த வேலை.

வேலூர் வெயிலுக்கு இத எங்க வெக்கிறது? அமெரிக்கால இருக்கிற ஒருத்தரு நல்ல விலைக்கு கேக்குறாரு, குரியர்ல அனுப்பலாமா? என் பைப்புல குழாய் சேருற எடத்துல ஒரு வெள்ளை வளையம் இருக்கு, அது தந்தம்னு நெனைக்கிறேன்.
வாசகர், காட்பாடி

ரெண்டாவது கேள்விய மொதல்ல பாத்துடலாம், அது தான் பெரிய விஷயம். 1972ம் வருஷ பழம்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல ஆன பொருள் பழம்பொருள்ல வரும், அத தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 100 வருஷம் ஆகலன்னு நெனைச்சீங்கன்னா இந்திய தொல்லியல் துறைல பழம்பொருள் இல்லன்னு சான்றிதழ் வாங்கிட்டு தான் அனுப்பணும், குரியர் பார்ம்ல "கிஃப்ட்டு"ன்னு எழுதிட்டு அனுப்புற வேலை வேணாம். அதோட அந்த வளையம் தந்தமா இருந்தா வனவிலங்கு பாதுகாப்பு சட்டமும் சேந்துக்கும், உள்ளூர்லயே விக்க முடியாது. லென்ஸ் வெச்சு பாருங்க. சின்ன சின்ன கரும்புள்ளியோ கோடோ தெரிஞ்சா எலும்பு, ரத்தக்குழாய் போன வழி அது. குறுக்க வெட்டின பக்கத்துல கோடுங்க ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டு வலை பின்னினாப்ல தெரிஞ்சா யானை தந்தம். ரெண்டும் இல்லாம ஒரே சீரா இருந்தா பெரும்பாலும் பிளாஸ்டிக்கு, அது தெரிஞ்சா நிம்மதியா தூங்கலாம்.

வெயிலுக்கு, நம்ம ஊரு மே மாசம் 42, 43 டிகிரி வீட்டுக்குள்ள மெழுகு உருகுற அளவுக்கு போகாது, ஆனா வெயில்ல நிறுத்தின கார் டேஷ்போர்டும் மொட்டை மாடி தகர ஷெட்டும் போயிடும். அங்க வெச்சா மெழுகு கல்லுல இருந்து வேர்த்து வெளிய வந்து தூசிய இழுத்துக்கும். ஜன்னல் வெயில் படாத ஷோகேஸ் இல்ல பீரோ நடுத்தட்டு. அந்துருண்டை போடாதீங்க, கல்லு அந்த வாசனைய உறிஞ்சி வெச்சிகினு விடாது. பவுல் வாய மேல பாத்து வைங்க, குழாய் எடை கழுத்துல தொங்காம அடில ஒரு துணி உருட்டி முட்டு குடுங்க, தூக்கும்போது குழாய புடிச்சு தூக்காம பவுல உள்ளங்கைல ஏந்தி தூக்குங்க. கை கழுவி காய வெச்சுட்டு.